போனுக்குள் இருந்த உம்மா

என் தம்பிக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து உம்மா என்பது ஒரு போன். எழுத்துகள் தேய்ந்துபோன பொத்தான்களோடு, சாச்சியின் அலுமாரிப் பிடியில் ஒரு துணிப்பைக்குள் தொங்கிய சின்னக் கறுப்புப் போன். "உன்ட உம்மா எங்கடா?" என்று யார் கேட்டாலும் அவன் யோசிக்காமல் அந்தப் பையைக் காட்டுவான். கேட்டவர்கள் சிரிப்பார்கள். சில பெண்கள் சிரித்த கையோடு முக்காட்டு நுனியால் கண்ணையும் துடைத்துக்கொள்வார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது, அழ என்ன இருக்கிறது என்று தம்பி அவர்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

உம்மா குவைத்துக்குப் போனபோது அவன் தவழத் தொடங்கியிருந்தான். சாய்ந்தமருதில் எங்கள் வீடு அப்போது சுவர் மட்டும் எழும்பி, கூரை இல்லாமல் நின்றது. வாப்பா தோணிக்குப் போய்க் கொண்டுவருவது எங்கள் சோற்றுக்குத்தான் காணும், ஓட்டுக்கும் மரத்துக்கும் எட்டாது. உம்மாவே ஒரு முடிவெடுத்துப் போய்விட்டார். சில மாதங்களில் கூரை வந்தது. பிறகு நிலத்துக்குச் சீமெந்து வந்தது. உம்மா மட்டும் வரவில்லை. போன இடத்தில் விடமாட்டேன் என்கிறார்கள், இன்னும் கொஞ்ச நாள், என்று வாப்பா சொல்லிக்கொண்டேயிருந்தார். வாப்பா எதைப் பற்றியும் அதிகம் சொல்கிறவரல்ல. கடல் கொந்தளித்தாலும் எனக்குக் காய்ச்சல் வந்தாலும் அவரிடமிருந்து வருவது ஒரே வார்த்தைதான்: "சரியாகும்."

எங்கள் வளவுக்குள்ளேயே, கிணற்றுக்கு அந்தப் பக்கம், உம்மாவின் தங்கையான சாச்சியின் வீடு. சாச்சா கொழும்பில் ஒரு புடவைக்கடையில் நின்றார், பெருநாளுக்குப் பெருநாள் வருவார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. விமான நிலையத்துக்குப் போக உம்மா வான் வண்டியில் ஏறிய அன்றைக்கே தம்பி சாச்சியின் இடுப்புக்கு மாறிவிட்டான். நான் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, என்னை நானே பார்த்துக்கொண்டேன் என்று அப்போது நினைத்திருந்தேன். என் தலைக்கு எண்ணெய் வைத்ததும், என் வெள்ளை உடுப்பை இஸ்திரிப்பெட்டியால் மினுக்கியதும் சாச்சிதான் என்பது கணக்கிலேயே வரவில்லை.

சாச்சி எதற்கும் அதட்டாத மனுசி. தம்பி அரிசிச் சட்டிக்குள் மணலைக் கொட்டினாலும் "அட என்ட தங்கமே" என்று அரிசியை மறுபடி கழுவப் போய்விடுவார். ஆனால் ஒரு விடயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டார். தம்பி முதன்முதலில் வாய் திறந்து "உம்மா" என்று கூப்பிட்டது அவரைத்தான். கிணற்றடியில் அவனுக்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தார். வாளியை அப்படியே வைத்துவிட்டு, ஈரத்தோடு அவனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடி, பையிலிருந்து போனை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

"நான் சாச்சி. உம்மா இஞ்ச. என்ன? நான் சாச்சி."

அன்றோடு விடவில்லை. அவன் மறந்துபோய் "உம்மா" என்று காலைக் கட்டிக்கொள்ளும் ஒவ்வொரு தடவையும் இதே பாடம்தான். சின்னப் பிள்ளைதானே, கூப்பிட்டால் கூப்பிட்டுவிட்டுப் போகட்டுமே என்று எனக்குத் தோன்றும். கடைசியில் தம்பி பாடத்தைப் படித்துக்கொண்டான். சாச்சி என்றால் சாச்சி. உம்மா என்றால் போன்.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா முடிந்த பிறகு அந்தப் போன் அடிக்கும். தம்பி எங்கிருந்தாலும் ஓடி வருவான். சாச்சி பச்சைப் பொத்தானை அழுத்தி அவன் காதில் வைப்பார். உம்மா எடுத்த எடுப்பில் பெரிய குரலில், சிரித்துக்கொண்டே கேட்பார்: "என்ட சின்ன வாப்பா சோறு திண்டாரா?"

"திண்டாச்சி!" என்று இவனும் கத்துவான். தின்றிருக்கமாட்டான். பிறகு வளவில் உள்ள கோழி, பூனை, ஐஸ்பழக்காரர், காகம் என்று ஒவ்வொருவர் மீதும் முறைப்பாடு சொல்லுவான். உம்மா எல்லோரையும் ஏசுவார். எனக்கு மிஞ்சுவது கடைசிக் கொஞ்ச நேரம்தான். என்னிடம் கதைக்கும்போது உம்மாவின் குரல் மெல்லக் கரகரக்கும். அவனிடம் மட்டும் ஒருநாளும் கரகரத்ததில்லை.

உம்மா வந்தது ஓர் ஓகஸ்ட் விடுமுறையில். மேற்கே வயல்வெளியைத் தாண்டி வருகிற கச்சான் காற்று ஊரையே வறுத்துக்கொண்டிருந்த காலம். பத்து மணிக்கே முற்றத்து மணல் சுடும். கிணற்றுத் தண்ணீர் அடியில் போய் உப்புக்கரிக்கும். தம்பியின் கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு போட்டு, சாச்சி பூசிவிட்ட பவுடரில் அவன் எந்நேரமும் மாவுக்குள் புரட்டியெடுத்த மீன்போல இருப்பான். வான் வந்து கேற்றடியில் நின்றபோதும் அப்படித்தான் சாச்சியின் இடுப்பில் இருந்தான்.

உம்மா இறங்கினார். மெலிந்திருந்தார். நான் ஓடிப்போய் விழுந்து கட்டிக்கொண்டேன். அபாயாவில் எனக்குத் தெரியாத ஓர் அத்தர் வாசம். உம்மா ஒரு கையால் என்னை அணைத்துக்கொண்டே மற்றக் கையைத் தம்பிக்கு நீட்டினார். அவன் அந்தக் கையைப் பார்த்தான், சாச்சியின் முகத்தைப் பார்த்தான். உம்மாவுக்குப் பொறுக்கவில்லை. அவனைப் பறித்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு ஓவென்று அழுதார்.

தம்பி வீரிட்ட வீரிடலில் அடுத்த வளவில் இருந்தவர்கள் வேலிக்கு வந்துவிட்டார்கள்.

"குடுங்க ராத்தா, புள்ள பயந்திட்டான்" என்று சாச்சி தன் அக்காவிடமிருந்து அவனை வாங்கிக்கொண்டார். சாச்சியின் தோளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவன் கேட்டான், "இந்த மாமி ஏன் அழுறா?"

அந்நியப் பெண்கள் எல்லோரும் அவனுக்கு மாமிதான். அன்றிலிருந்து உம்மாவும் மாமி. இதுதான் உம்மா என்று சாச்சி எத்தனை தரம் சொல்லியும் அவன் அலுமாரியில் தொங்கிய பையைத்தான் காட்டினான்.

பெட்டிகள் திறந்தன. பால்மா டின், கம்பளி, சவர்க்காரம், எனக்கு ஒரு மணிக்கூடு, அவனுக்குப் பற்றரியில் ஓடுகிற சிவப்புக் கார். காரை வாங்கிக்கொண்டான், சொக்லட்டையும் வாங்கிக்கொண்டான். வாங்கிய கையோடு சாச்சியின் வீட்டுக்குப் போய்விட்டான். இரவுச் சாப்பாட்டுக்கு வந்த வாப்பாவின் சோற்றில் ஆணத்தை ஊற்றும்போதும் உம்மா சாச்சியின் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வாப்பா சொன்னார், "சரியாகும்."

சரியாகவில்லை. விடுமுறை நாட்கள் ஒன்றுபோல ஒன்று போய்க்கொண்டிருந்தன. காலையில் உம்மா இடியப்பத்தில் சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டுப் பிசைந்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். அவன் சாச்சியின் குசினியில் ரொட்டி தின்றுவிட்டு வருவான். வெயிலேறியதும் கிணற்றடியில் உம்மா வாளியோடு நின்று கூப்பிடுவார். அவன் வெறும் உடம்போடு வந்து, எட்டி நின்று, "சாச்சி தண்ணி வாக்கட்டும்" என்பான். பகலில் சீமெந்து நிலத்தில் பாயை விரித்து, மின்விசிறிக்குக் கீழே எல்லோரும் சரிவோம். அவன் சாச்சிக்கும் சுவருக்கும் இடையில் கிடப்பான். உம்மா எனக்கு அந்தப் பக்கம். கரண்ட் போனால் உம்மா எட்டி எட்டி அவனுக்கு ஓலை விசிறியால் வீசுவார். அவன் தூங்கிவிட்டானா என்று பார்த்து, விரல் நுனியால் அவன் பாதத்தைத் தொடுவார். தூக்கத்திலும் அவன் காலை இழுத்துக்கொள்வான்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அது வசதியாக இருந்தது. உம்மா முழுக்க எனக்கே. தலை பின்னிவிடச் சொல்வேன், அச்சாறு போட்டுத்தரச் சொல்வேன், குவைத்துக் கதை கேட்பேன். உம்மாவின் புதுப் போனில் ஒரு சிறுவனின் படம் இருந்தது. தம்பியின் வயதுதான், கன்னம் கொழுத்த பிள்ளை.

"இது யாரு உம்மா?"

"அங்க நான் வேல பாத்த ஊட்டுப் புள்ள."

"அவனுக்கும் நீங்களா சோறு தீத்துற?"

"ஓம். உருண்ட புடிச்சி, வாய்க்குள்ள வெச்சாத்தான் திம்பான்."

"உங்கள உம்மா எண்டா கூப்பிடுவான்?"

"இல்ல மகள். என்ட பேரச் சொல்லிக் கூப்பிடுவான்." சொல்லிவிட்டு உம்மா அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனைக் கவிழ்த்து வைத்தார்.

ஒருநாள் அட்டாளைச்சேனையில் சாச்சாவின் சொந்தத்தில் கலியாணம். சாச்சி தம்பியைக் கூட்டிப்போகவில்லை. "நான் இல்லாட்டி உங்களிட்ட வருவான் ராத்தா, வேற வழியில்லையே" என்று சொல்லிவிட்டு, அவன் மும்முரமாகக் காரை ஓட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து நழுவிவிட்டார். அவன் ஆறுதலுக்கு இருக்கட்டுமென்று போனையும் விட்டுவிட்டுப் போனார்.

சாச்சி இல்லை என்பது தெரிந்ததும் அவன் கேற்றடிக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டான். முதலில் கூப்பிட்டான். பிறகு அழுதான். அழுது அழுது வாந்தி எடுத்தான். உம்மா வத்தகப்பழத்தை வெட்டிக் கொண்டுபோனார், தண்ணீர் கொண்டுபோனார், மடியில் ஏந்தப் பார்த்தார். கிட்டப் போகப் போகக் குரல் ஏறியது. கடைசியில் உம்மா தொடாமல், அவனுக்குப் பக்கத்தில் சுடுமணலில் உட்கார்ந்துவிட்டார். முக்காட்டை அகல விரித்து அவன் தலைக்கு நிழல் பிடித்தார். நிழலுக்கு அவன் ஒன்றும் சொல்லவில்லை.

அவனுக்கு வேறொரு யோசனை வந்தது. உள்ளே ஓடிப்போய்ப் போனை எடுத்துக்கொண்டு வந்தான். பொத்தானை அழுத்த அவனுக்குத் தெரியாது. சும்மா காதில் வைத்துக்கொண்டு கூப்பிட்டான்.

"உம்மா... உம்மா, இஞ்ச வாங்க. சாச்சி போயிட்டா. உம்மா, கெதியா வாங்க."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த உம்மா, மிகவும் தாழ்ந்த குரலில், கெஞ்சுவதுபோலச் சொன்னார், "மனே, நான் இஞ்சதான் இரிக்கன்."

தம்பி திரும்பிப் பார்த்தான். "உங்களக் கூப்பிடல்ல" என்றான். அப்பால் திரும்பி நின்று மறுபடி போனுக்குள் கூப்பிட்டான்.

அன்று பின்னேரம் சாச்சி திரும்பி வந்தபோது தம்பி கேற்றடியிலேயே தூங்கிப்போயிருந்தான். உம்மா முக்காட்டைப் பிடித்தபடி அதே இடத்தில் இருந்தார். ஒரு பக்கக் கன்னம் வெயிலில் கறுத்திருந்தது. சாச்சி கலியாணப் புடவையோடு அவனைத் தூக்கிக்கொண்டுபோய்க் கிடத்தினார். அன்றிரவு உம்மா வாப்பாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது: "நான் திரும்பிப் போறன். இஞ்ச ஆருக்கு நான் வேணும்?" நான் போர்வைக்குள் அழுதேன். எனக்கு வேண்டும் என்று எழும்பிப்போய்ச் சொல்லியிருக்கலாம். பயமாக இருந்தது. வாப்பாகூட அன்று "சரியாகும்" என்று சொல்லவில்லை.

அடுத்த நாள் காலையில் குசினியில் கூனி இறால் வறுத்துக்கொண்டிருந்த உம்மாவிடம் சாச்சி வந்தார். கதவு நிலையில் சாய்ந்துகொண்டார்.

"ராத்தா, நீங்க அவனுக்கு எடுங்க."

"என்னத்த எடுக்க?"

"போன. குவைத்தில இரிந்து எடுக்கிற மாதிரி."

உம்மா அகப்பையை வைத்துவிட்டுத் திரும்பினார். "ஒரே வளவுக்குள்ள இரிந்துகொண்டா? உனக்கென்ன பைத்தியமா?"

"நேத்து அவன் உங்களத்தானே கூப்பிட்ட. அவன் உங்களத் தேடித் திரியிறான் ராத்தா. நீங்க வந்திட்டீங்க எண்டு அவனுக்கு இன்னம் தெரியா." சாச்சி கீழே பார்த்துக்கொண்டு சொன்னார், "நீங்க அவனோட இப்படிக் கெஞ்சிக் கதைச்ச நான் கேட்டதில்ல. அவனும் கேட்டதில்ல. போனில கதைக்கிற மாதிரிக் கதைங்க. சிரிச்சிக் கதைங்க."

உம்மாவை என் துணையோடு கிணற்றுக்குப் பின்னால், வாழைகளுக்குள் நிற்கவைத்தார் சாச்சி. உம்மாவின் புதுப் போனில் சாச்சியின் பேரைத் தேடி நான்தான் அழுத்திக் கொடுத்தேன்.

சாச்சியின் வீட்டுக்குள் போன் அடித்தது. உம்மா வந்த நாளிலிருந்து அது ஒருமுறைகூட அடித்திருக்கவில்லை. தம்பி எங்கிருந்தோ ஓடுகிற சத்தம் கேட்டது. "உம்மா! சாச்சி, உம்மா!" என்று கத்தினான். சாச்சி வழக்கம்போலப் பொத்தானை அழுத்தி, வாசற்படியில் அவனை இருத்தி, காதில் வைப்பதை வாழையிலைகளுக்கு ஊடாகப் பார்த்தேன்.

உம்மா கண்ணை மூடிக்கொண்டார். ஒரு பெரிய மூச்சு எடுத்தார். அதன் பிறகு வந்த குரலை எனக்கு நன்றாகத் தெரியும். வெள்ளிக்கிழமைக் குரல்.

"என்ட சின்ன வாப்பா சோறு திண்டாரா?"

"திண்டாச்சி!"

உம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது, குரல் மட்டும் சிரிக்கிறது. குவைத்திலும் இப்படித்தான் கதைத்திருப்பாரோ என்று ஒரு கணம் நினைத்தேன்.

"மறுகா என்ன சின்ன வாப்பா புதினம்?"

"உம்மா, எங்கட ஊட்ட ஒரு மாமி வந்திரிக்கா."

"ஆ? எந்த மாமி?"

"அழுற மாமி."

உம்மா வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு கையை எடுத்தார். "கூடாத மாமியா? ஏசிவிடவா?"

அவன் யோசித்தான். "ஏச வேணா. கார் தந்த. நிழல் புடிச்ச."

"அப்ப அவவப் போகச் சொல்லவா?"

இதற்கு இன்னும் கூட நேரம் யோசித்தான். "போக வேணா. அவ இரிக்கட்டும். நீங்களும் வாங்க."

உம்மா வாழைகளுக்குள்ளிருந்து வெளியே நடந்தார். போன் காதில்தான் இருந்தது. "நான் வந்தா நீங்க எனக்கு என்னெல்லாம் காட்டுவீங்க?" என்று அதே குரலில் கேட்டுக்கொண்டே கிணற்றைச் சுற்றி வந்தார். தம்பி, பூனைக்குட்டி காட்டுவேன், எறும்புப் புற்றுக் காட்டுவேன் என்று சொல்லிக்கொண்டே நிமிர்ந்தான். முன்னால் அழுகிற மாமி. அவவும் காதில் போன் வைத்திருக்கிறா.

"உம்மா, எங்க நிக்கிறீங்க?" என்று கேட்டான்.

"இஞ்சதான் நிக்கன்" என்றார் உம்மா.

அது அவனுக்குப் போனுக்குள்ளிருந்தும் கேட்டது, எதிரேயிருந்தும் கேட்டது. போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். திருப்பி அதன் முதுகைப் பார்த்தான். மறுபடி காதில் வைத்தான். "இன்னொருக்காச் சொல்லுங்க" என்றான்.

"என்ட சின்ன வாப்பா சோறு திண்டாரா?"

அவன் படியிலிருந்து இறங்கி உம்மாவைச் சுற்றிக்கொண்டு போய் முதுகுக்குப் பின்னால் யாராவது ஒளிந்திருக்கிறார்களா என்று பார்த்தான். யாருமில்லை. முன்னால் வந்தான். உம்மா முழங்காலில் இருந்துகொண்டார். தம்பி விரலை நீட்டி உம்மாவின் தொண்டையைத் தொட்டான்.

"திண்டாரா?" என்று உம்மா மெல்லக் கேட்டார். விரலுக்கடியில் குரல் அதிர்ந்திருக்க வேண்டும். அவன் கண் அகன்றது.

"போனுக்குள்ளால வந்த நீங்க?"

"ஓம் மனே. இப்பதான் வந்து சேர்ந்தன்."

போன் மணலில் விழுந்தது. அவன் தாவியதில் உம்மா முழங்காலோடு பின்னால் சாய்ந்துபோனார். ஆனால் அழுகை, கட்டிப்பிடிப்பு என்று நேரத்தை வீணாக்க அவனுக்கு மனமில்லை. உம்மா இப்போதுதான் வந்திருக்கிறார், காட்ட வேண்டியது எவ்வளவோ இருக்கிறது. விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டான். இது கிணறு. இது பூனை. இது என்ட கார், ஒரு மாமி தந்த. நாட்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனையையும் உம்மா இன்றைக்குத்தான் பார்ப்பதுபோல "அல்லாஹ்வே, இவ்வளவு பெரிய கிணறா!" என்று வியந்துகொண்டு கூடவே போனார். கையிலிருந்த போனில் அழைப்பை வெட்ட மறந்திருந்தார். நான் பின்னாலேயே சிரித்துக்கொண்டு ஓடினேன்.

கொஞ்ச தூரம் போய்த்தான் சாச்சி வரவில்லை என்று கவனித்தேன். திரும்பி வந்தேன். சாச்சி மணலில் கிடந்த போனை எடுத்து, முந்தானையால் துடைத்து, வாசற்படியில் தம்பி இருந்த இடத்தில் இருந்துகொண்டு காதில் வைத்திருந்தார். அழைப்பு இன்னும் வெட்டுப்படவில்லை.

"வாங்களன் சாச்சி, அவன் உம்மாக்கு எறும்பெல்லாம் காட்டுறான்!"

"நீ போ மகள். நான் பின்னால வாறன்."

வளவின் மறுகோடியில் தம்பி "உம்மா, உம்மா" என்று மூச்சுக்கு ஒருதரம் கூப்பிடுவது எங்களுக்கு நேரடியாகவே கேட்டுக்கொண்டிருந்தது. அப்படியிருக்க, அதையே சாச்சி போனைக் காதில் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி, ஏன் கேட்க வேண்டும் என்று எனக்கு விளங்கவேயில்லை. சாச்சியின் உதடுகள் மெல்ல அசைந்தன. "ஓம் மனே" என்பதுபோல இருந்தது. அந்தப் பக்கம் யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை என்று சொல்லலாமா என நினைத்தேன். பற்றரி இறங்கிவிடப் போகிறதே என்பதுதான் அப்போது என் கவலையாக இருந்தது.